முனியாண்டிக்கு விட்ட சேவல்

அந்தப் பெண்ணை முதன்முதலில் பார்த்த அன்று அவளோடு சண்டைதான் போட்டேன். ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் எஸ்டேட் முடிகிற இடத்தில் ஒரு சுண்ணாம்பு மலை இருக்கிறது. பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு, அதிலும் பாதியை அழித்து இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மலையடியில் முனியாண்டி மட்டும் நகராமல் இருக்கிறார். தலைக்கு மேல் நாலு தகரம், ஒரு கல், ஓர் அரிவாள், அவ்வளவுதான் கோயில். நான் மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கலுக்கு அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். தொப்பியும் ரப்பர் பூட்ஸும் போட்ட ஒரு பெண் பாறை இடுக்கிலிருந்து வந்து நின்றாள்.

"அக்கா, அடுப்பக் கொஞ்சம் தள்ளி வச்சிக்கிறீங்களா? புகை பாறையில அடிக்குது. அங்க நத்தை இருக்கு."

எனக்கு வந்ததே கோபம். "நத்தைக்காக எங்க சாமிய எழுந்து போகச் சொல்லுவ போல" என்றேன்.

"சாமி இருக்கட்டும்கா. அடுப்பு மட்டும்தான்" என்றாள் அவள், கொஞ்சமும் முகம் மாறாமல்.

அன்றைக்கு என் மனநிலை அப்படி. என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர், அதுதான் சர்க்கரை வியாதி. வலது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். புண் மேலே ஏறினால் கணுக்கால்வரை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டேன். இந்தக் காலைக் காப்பாற்றிக் கொடு, உனக்குச் சேவல் விடுகிறேன் என்று. புண் ஆறியது. மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்றார் டாக்டர். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். புந்தோங்கில் ஓர் ஆளிடம் நல்ல செவலைச் சேவலாகப் பார்த்து வாங்கி, காலில் மஞ்சள் கயிறு கட்டி, அந்தப் பொங்கல் அன்றுதான் விட்டேன். கொண்டை ஒரு பக்கம் கிழிந்த சேவல். கூடையைத் திறந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாறைப் பக்கம் ஓடியது.

வெளியாட்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் எஸ்டேட்டு ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முனியாண்டிக்கு நேர்ந்து உயிரோடு விட்ட சேவலை யாரும் தொடக் கூடாது. பிடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, விட்டவர்களே திரும்பி எடுக்கக் கூடாது. அது திரியும்வரை யாருக்காக விட்டோமோ அவர்களுக்கு ஒரு குறையும் வராது. இதை எனக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. ரோட்டில் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரிந்துகொண்ட மாதிரிதான் இதையும் தெரிந்துகொண்டேன்.

பொங்கல் வெந்ததும் அந்தப் பெண்ணுக்கும் ஓர் இலையில் வைத்துக் கொடுத்தேன். சண்டை போட்டாலும் பசியாறாமல் அனுப்ப எனக்கு வராது. அவள் தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறவள். சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, பூதக்கண்ணாடி ஒன்றை என்னிடம் நீட்டி, பாறையில் ஓர் இடத்தைக் காட்டினாள். பாசிதான் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், பாசிக்குள் நொய்யரிசி அளவில் சிவப்பாக ஒன்று. அதற்கு ஓடு, ஓட்டில் வரி, ஓட்டின் வாய் மட்டும் திரும்பி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அது நகர்ந்தது வேறு.

"இது இந்த மலையில மட்டும்தான்கா. பக்கத்து மலையில கூட இல்ல. இங்க போச்சின்னா உலகத்துலயே இல்ல."

"எங்க எஸ்டேட்டுல இருந்துகிட்டு எனக்கே தெரியாம இருந்திருக்கே இது" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். நான் அதிலேயே விழுந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

கையுறை ஃபாக்டரியில் பத்தொன்பது வருஷம் நின்ற கால் எனக்கு. வீட்டுக்காரரின் புண்ணுக்காக வேலையை விட்டுவிட்டு ஃபிளாட்டில் உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. கழுவின சட்டியையே திரும்பக் கழுவுவேன். நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். "வீட்டுக்குள்ள ஒரு எஞ்சின ஓட விட்ட மாதிரி இருக்கு லா, எங்கயாவது போயிட்டு வா" என்று அவரே சொன்னார். சனிக்கிழமை காலைகளில் நானும் அந்தப் பெண் ஆள் சேர்த்து நடத்திய நத்தைக் காவலுக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் வட்டத்தில் ஆறேழு பேர். ஆளுக்கு ஒரு பக்கம். முனியாண்டி பக்கம் என் பொறுப்பு.

வேலை இதுதான். பாறையடியில் ஒரு முழ நீளக் குழாய்களைப் போட்டிருந்தோம். நடுவில் மை தடவிய அட்டை, பக்கத்தில் கொஞ்சம் பீனட் பட்டர். தின்ன வருகிற பிராணி மையில் மிதித்து அட்டையில் கால் தடம் வைத்துவிட்டுப் போகும். எலியா, முசாங் என்கிற மரநாயா, பூனையா என்று தடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அது போக, ஏதாவது அசைந்தால் தானே படம் பிடிக்கிற கேமரா ஒன்றை மரத்தில் கட்டியிருந்தாள். அதிலுள்ள கார்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய லேப்டாப்பில் போட்டு, படங்களைப் பிரித்து வைக்க வேண்டும். எலிக்கு ஒரு பெட்டி, பூனைக்கு ஒரு பெட்டி, நாய்க்கு, முசாங்குக்கு, மனிதருக்கு. ஒன்றும் இல்லாத படங்களை அழித்துவிடலாம். கடைசியாகப் பாறையில் நூல் கட்டிய நாலு சதுரங்களில் நத்தைகளை எண்ணிக் குறிக்க வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் கழுத்து ஒடிந்துவிடும். ஆனாலும் எண்ணுகிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் என் கால் ஓர் இடத்தில் நிற்கும்.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் இருபது வருஷத்துக்கு மேல் கல் குவாரியில் லாரி ஓட்டியவர். "நான் மலையையே லாரியில ஏத்தினேன், நீ போயி நத்தைய எண்ணிட்டு வாரே. நல்ல ஜோடிதான்" என்பார். ஒரு நாள் கேலி பொறுக்காமல், இந்த நத்தை இந்த ஒரு மலையில்தான் இருக்கிறதாம், ஒவ்வொரு மலைக்கும் அதனதன் நத்தை இருக்குமாம் என்று சொன்னேன். அவர் கோப்பியைக் கீழே வைத்தார்.

"அப்ப நாங்க ஏத்துன மலையில?"

"இருந்திருக்கும். யாரு எண்ணினா?"

அவர் அன்று முழுக்க டிவியே போடவில்லை. சீனி ஏறிவிட்டதோ என்று நான்தான் இரண்டு தடவை குத்திப் பார்த்தேன்.

சேவலுக்கு வருகிறேன். முனியாண்டிக்கு வருஷத்துக்கு எத்தனையோ சேவல் விடுகிறார்கள். எதுவும் ரொம்ப நாள் தங்குவதில்லை. சிலதை நாய் கடித்துப்போடும், சிலதை முசாங் தூக்கும், சிலதை எவனாவது பிடித்துக் கறி வைப்பான். என் சேவல் மட்டும் தப்பித்தது. பாறையில் ஆள் உயரத்தில் ஒரு விளிம்பு இருக்கிறது. அங்கே ஏறிப் படுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. மாதம் ஐந்தாறு ஆகியும் கொழுகொழுவென்று திரிந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. காலும் நன்றாக இருக்கிறது, சேவலும் நன்றாக இருக்கிறது, முனியாண்டி வாங்கிக்கொண்டுவிட்டார் என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். சனிக்கிழமை போகும்போது ஒரு கை அரிசி கொண்டுபோவேன். பா பா என்றால் விளிம்பிலிருந்து குதித்து வந்து என் உள்ளங்கையிலேயே கொத்தித் தின்னும்.

கேமராவில் அது அடிக்கடி விழும். கோழிக்கு என்று பெட்டி எதுவும் இல்லை. கோழி எல்லாம் ஒரு மிருகமா என்று நானும் நினைத்தேன். ஒன்றும் இல்லாத படங்களோடு சேர்த்து அழித்துவிடுவேன். கோழியும் கொன்று தின்னும் பிராணி என்று எங்கள் வீடுகளில் யாரும் நினைப்பதில்லை. அது கொல்லப்படுகிற பிராணி.

மழை ஓய்ந்த மாதத்திலிருந்து என் பக்கத்துச் சதுரங்களில் நத்தை குறைய ஆரம்பித்தது. மற்ற பக்கங்களில் அப்படியேதான் இருந்தது. இரண்டு கை விரலும் போதாமல் எண்ணிய சதுரத்தில் ஒரு கை போதும் என்று ஆகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு முகமே கறுத்துவிட்டது. நான் செல்லமாக நத்தைப் பொண்ணு என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அதற்குக்கூட அவள் சிரிக்கவில்லை. பூனை என்று நினைத்து மூன்று பூனைகளைப் பிடித்து வளர்க்கிறவர்களிடம் கொடுத்தாள். அப்புறம் எலி என்றாள். நானும் எலிதான் என்றேன். அட்டையில் எலித் தடம் எப்போதும் இருக்கும், அதனால் அப்போது அது பொய் ஆகவில்லை.

பொய் ஆனது ஒரு திங்கட்கிழமை. துணி காயப்போட்டுவிட்டு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். படத்தில் என் சேவல் பாறையோடு ஒட்டி நிற்கிறது. அழிக்கப் போன கை நின்றுவிட்டது. அடுத்த படத்தில் காலால் பாசியைப் பிறாண்டுகிறது. அதற்கடுத்ததில் பாசி ஒரு சாண் அகலத்துக்கு உரிந்து தொங்குகிறது, மூக்கு பாறையில் இருக்கிறது. நாற்பது படமாவது இருக்கும். நூல் கட்டிய சதுரம் அதற்கு நேர் பின்னால் தெரிகிறது. ஒவ்வொரு கொத்தாக, பொறுமையாக, அரிசி பொறுக்குகிற மாதிரி பொறுக்கியிருக்கிறது. அது அரிசி தின்றது என் கையில். அளவும் ஏறக்குறைய அதே அளவுதான்.

நான் எழுந்து நடைபாதைக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நத்தைப் பொண்ணு சேவலைப் பிடிக்கச் சொல்வாள். பிடித்தால் நேர்ச்சை முறியும். நேர்ச்சை முறிந்தால் கால். உள்ளே அவர் ஸ்டூலில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாலு விரல் இருந்த அந்தக் காலைப் பார்த்தேன். உள்ளே போய் நாற்பது படத்தையும் அழித்தேன். தாளில் எலி என்று எழுதினேன்.

ஒரு தடவை எழுதிவிட்டால் அடுத்த தடவைக்குக் கை கூசவில்லை. நத்தைப் பொண்ணு என் தாளை நம்பினாள். எலிப்பொறி வாங்கினாள், சம்பளத்திலிருந்துதான் வாங்கியிருப்பாள். வார நாட்களில் விடிவதற்கு முன்பே தஞ்சோங் மாலிமிலிருந்து கார் ஓட்டி வந்து பொறியைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்புவாளாம். எலியும் விழுந்தது, நத்தையும் குறைந்தது. "என்னக்கா இது, எலியும் புடிக்கிறோம், ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. நான் சேவல் நிற்கிற திசையைப் பார்க்காமல், "பெரிய எலியா இருக்கும்மா" என்றேன். சீ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது எனக்கு.

நானாகச் சேவலைத் திசைதிருப்பப் பார்த்தேன். அரிசியைத் தூரமாகப் போட்டேன், அரிசியையும் தின்றுவிட்டு நத்தைக்குப் போனது. வலை கொண்டு சதுரத்தை மூடினேன், பக்கத்துப் பாசியில் ஆரம்பித்தது. ஒரு நாள் ஒரு குச்சியை எடுத்து ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையோடு முனியாண்டியைத் திரும்பிப் பார்த்தேன். குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம்தான் அவருடைய அதே காலில் பெருவிரலுக்கு அடியில் தோல் வெடித்தது. குச்சி ஓங்கியதற்கே இதுவா என்று நினைத்தேன். கிளினிக்கில் தினம் கட்டு மாற்றச் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. உப்பை இரண்டு தடவை போட்டேன், கேஸை அணைத்தேனா என்று மூன்றாம் மாடிவரை இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி வந்து பார்த்தேன். லிஃப்ட் வேறு கெட்டுக் கிடந்தது.

அவர் ஒரு நாள் மத்தியானம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாரத்துப் படங்கள், நான் இன்னும் அழித்திருக்கவில்லை.

"இது நம்ம சேவல்தானே?"

"ஆமா."

"இது திங்கிறது என்ன?"

கட்டுப் பிரித்த காலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். எலி என்று எழுதியது, பொறி, அந்தப் பெண்ணின் கண், குச்சி, வெடிப்பு எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"எத்தன மாசமா?" என்றார்.

"மூணு."

"மூணு மாசமா அந்தப் புள்ளைய அலைய விட்டிருக்க."

"உங்க காலுக்காகத்தாங்க."

அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முனியாண்டிகிட்டயே கேட்டுருவோம். பூப் போட்டுப் பாக்கலாம்" என்றார்.

அது எனக்குத் தோன்றாமல் போனதே என்று இருந்தது. எங்களில் கல்யாணத்துக்கும் வீடு மாறுவதற்கும்கூட அப்படிக் கேட்பதுண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கையை வைக்கக் கூடாது. இரண்டில் எது வந்தாலும் முடிவு என்னுடையது இல்லை. அன்றைக்குத்தான் கொஞ்சம் சோறு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனோம். அவரை வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நான் காரைச் செம்பனை ஓரத்தில் நிறுத்தியதும், அவர் காலுக்குப் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து நடந்து வந்தார். நான் குட்டையில் தண்ணீர் மொண்டுவந்து கல்லைக் கழுவப் போன நேரத்தில், அவரே கீழே உட்கார்ந்து வாழையிலைத் துண்டில் பூவை மடித்து நூல் கட்டி வைத்துவிட்டார். நான் பறித்துவந்த நந்தியாவட்டைக்கு ஒன்று, செவ்வரளிக்கு ஒன்று. இரண்டு பொட்டலமும் ஒரே அச்சு. லாரிக்குத் தார்ப்பாய் கட்டின கை, முடிச்சு அவ்வளவு சுத்தம்.

சூடம் காட்டினேன். சின்னப் பிள்ளைகளை விட்டு எடுக்கச் சொல்வதுதான் முறை, அங்கே பிள்ளைக்கு எங்கே போவது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். நூலைப் பிரித்தேன். வெள்ளை.

அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் இன்னொரு பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "போதும் எழுந்திரு, வெயில் ஏறுது" என்றார்.

சேவலைப் பிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்தல். பா பா என்றேன், வந்தது. கையில் அரிசியைத் தின்றது. மறு கையால் இறக்கையோடு சேர்த்து அமுக்கினேன். கத்தவில்லை, என்னைப் பார்த்தது. மார்பு டக்கு டக்கு என்று அடித்தது. காலில் மஞ்சள் கயிறு வெளுத்துப்போய் இன்னும் இருந்தது.

சாமிக்கு விட்டதை வீட்டில் வைக்க முடியாது, விற்கவும் முடியாது. சித்தியவானில் என் நாத்தனார் இருக்கும் இடத்தில் ஒரு முனியாண்டி கோயில் உண்டு. அங்கே வேலி போட்டுச் சேவல்களை வைத்திருக்கிறார்கள். சாமி அதே சாமிதான், இடம்தான் வேறு என்று சொல்லிக்கொண்டு அன்றே அட்டைப்பெட்டியில் வைத்துக் காரில் கொண்டுபோனோம். வழியெல்லாம் பெட்டிக்குள் பிறாண்டிக்கொண்டே வந்தது. நாத்தனார் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணி, இப்புடிக் கொழுத்திருக்கு, என்னத்தப் போட்டு வளத்தீங்க?" என்றாள். அவர் தண்ணீர் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை நத்தைப் பொண்ணிடம் சொன்னேன். பாறையடியிலேயே, பொறிகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கையுறையைக் கழற்றினாள், மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் உங்க தாள ஒரு தடவகூடச் சந்தேகப்படலக்கா" என்றாள். "மத்தவங்க தாள எல்லாம் திரும்பப் பாப்பேன். உங்களோடத மட்டும் பாக்க மாட்டேன்."

"என்னைத் திட்டிரும்மா."

"திட்டி என்ன செய்ய. எண்ணுங்க."

எண்ணினேன். நாலு சதுரத்திலும் சேர்த்து ஆறு. அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகத் தானும் எண்ணிவிட்டுத்தான் குறித்தாள். அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது, இருந்தாலும் எனக்கு முகத்தில் அடித்த மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது வாரம் பெருவிரல் கறுத்துவிட்டது. கிளினிக்கிலிருந்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெருவிரலை எடுக்க வேண்டும், உள்ளே எலும்பைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். பத்து மணிக்கு ஆபரேஷன். வார்டில் அவருக்குப் பச்சை உடுப்பு மாட்டிவிட்டு, சட்டையை மடித்துப் பையில் வைத்தேன். அப்போதுதான் எனக்குள் எதுவோ அறுந்தது.

பக்கத்துக் கட்டில் ஆளைப் பற்றிக்கூட நினைக்காமல் முனியாண்டியைத் திட்ட ஆரம்பித்தேன். நான் என்ன அவரைக் கேட்காமலா எடுத்தேன்? கேட்டுத்தானே எடுத்தேன். வெள்ளையைக் கொடுத்து, எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டு, பின்னாலேயே வந்து விரலைக் கேட்கிற சாமி ஒரு சாமியா? வேண்டாம் என்றால் சிவப்பைக் கொடுத்திருக்கலாமே. இனி அந்த மலைப் பக்கம் சூடம் ஏற்றினால் ஏனென்று கேளுங்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாது.

"அவரத் திட்டாத" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏன் திட்டக் கூடாது? வாக்கு மாறினவரு."

"அவரு ஒன்னும் மாறல. நீ எந்தப் பொட்டலத்த எடுத்திருந்தாலும் வெள்ளைதான்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. செவ்வரளியை என் கண்ணாலேயே பார்த்தேனே என்றேன். பார்த்தாய், மடித்ததைப் பார்க்கவில்லையே என்றார். அரளியைக் கல்லுக்குப் பின்னால் போட்டுவிட்டாராம்.

"சாமிகிட்டப் போயி ஏமாத்துவாங்களா?" என்றேன்.

"செவப்பு வந்திருந்தா நீ அந்தச் சேவலத் தொட்டிருக்க மாட்ட. எலி எலின்னு சாகுறவரைக்கும் எழுதிக்கிட்டே இருந்திருப்ப. எனக்குத் தெரியாதா?" அவர் மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் ஏத்துன மலைய யாரும் எண்ணல. இத எண்ணுறாங்க. கால் என்னோடது லா. அதுக்காக எதக் குடுக்கலாம், எதக் குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லக் கூடாதா?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, காலைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. போர்வையை இழுத்துவிட்டேன், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

வார்டு மிஸ்ஸி வந்து கட்டிலின் பிரேக்கை எடுத்துவிட்டாள். சக்கரம் நகர ஆரம்பித்தது. நான் கூடவே நடந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்னை விட மாட்டார்கள்.

"போன சனிக்கிழம மலைக்குப் போனியா?" என்றார்.

"போனேன்."

"எத்தன?"

"ஒம்போது."

"நீ எண்ணினதா, அந்தப் புள்ள எண்ணினதா?"

"ரெண்டு பேரும் எண்ணினோம்."

அவர் தலையை ஆட்டினார். கட்டில் உள்ளே போய்விட்டது. நான் கதவுக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரை வெளியே கொண்டுவரும்வரை எழுந்திருக்கவில்லை.